பதில்: வார்ப்புக் கண்ணாடி – உலைக்குள் மெல்ல மெல்லச் சூடு இறக்குவதற்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம். பிள்ளைகளுக்கான சிற்பக் கையேட்டில், ஆங்கிலத்தில் annealing எனும் வேலைக்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்பதுதான் பேச்சு. வந்த யோசனை ஒன்று:

> கையேட்டில் அந்த இடத்தில் ‘குளிர்வித்தல்’ என்றே போட்டுவிடலாமே. பிள்ளைகளுக்கு விளங்கும்.

விளங்கும்தான் அக்கா, ஆனால் தப்பாக விளங்கும். குளிர்வித்தல் என்றதும் குளிர்சாதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவதோ சூட்டைக் கொடுத்துக்கொண்டே செய்கிற வேலைக்கு.

நீருக்கு 0 பாகை என்பதுபோல ஓர் உறைநிலை கண்ணாடிக்கு இல்லை. அணுக்கள் பளிங்காக வரிசைகட்ட நேரம் கிடைப்பதற்குள் உருகிய குழம்பு தடித்துத் தடித்து, நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 550 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இப்படி விறைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் வெளியே எடுத்து வைத்தால் மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. பிறகு உட்பகுதி சுருங்கப் பார்க்கும், இறுகிப்போன மேல்தோல் விடாது. உள்ளே இழுவை, வெளியே நெருக்கல். உள்ளே நிற்கும் இந்த இழுபறி, அதாவது தகைப்பு (stress), கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, சில சமயம் யாரும் தொடாமலே கட்டியைப் பிளந்துவிடும். அதனால்தான் உலையை அந்தச் சூட்டிலேயே பிடித்துவைத்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்தபின் படிப்படியாக இறக்குகிறார்கள். தடிப்பு இரண்டு மடங்கானால் இறக்கும் வேகம் ஏறக்குறைய நாலில் ஒன்றாக வேண்டும்.

அடிக்குறிப்பில் போகிற சொல் என்றால் நானும் இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டேன். கையேட்டின் முதல் படமே அமெரிக்கச் சிற்பி ரோனி ஹோர்னின் ‘பிங்க் டன்ஸ்’, 2008ஆம் ஆண்டு வேலை. ஒரு பக்கம் சுமார் 1.2 மீற்றர் வரும் கட்டிக் கண்ணாடிக் கனசதுரம், எடை 4 தொன்னுக்கு மேல். உருவம் இல்லை, செதுக்கல் இல்லை. பக்கங்களில் அச்சு விட்டுப்போன சொரசொரப்பு. மேலே எட்டிப் பார்த்தால் மட்டும் விளிம்புவரை தண்ணீர் நிற்பதாகத் தோன்றும் பளபளப்பு. இத்தனை பெரிய கட்டிகள் உலையை விட்டு வெளியே வர மாதக்கணக்காகும். (அலங்காரமில்லாத எளிய வடிவங்களோடு நிற்கும் மினிமலிசக் கலைக்குச் ‘சிறுமவாதம்’ என்று முடிவாகிவிட்டது, அதை மறுபடி கிளப்ப வேண்டாம்.) சிறுமவாதச் சிற்பத்தில் கைவேலையைத் தேடினால் கிடைக்காது. ஊற்றினார்கள், சூட்டை இறக்கினார்கள். உளி வேலை என்று அங்கே ஏதாவது இருந்தால் அது அந்த இறக்குதல்தான். விளக்கக் குறிப்பின் முதன்மை வினையே அது என்னும்போது அசட்டையாக ஒரு சொல்லைப் போட முடியாது.

அடுத்த பக்கத்தில் வரும் அமெரிக்கக் கலைஞர் லாரி பெல் வேறு வகை. 1960களில் அவர் தட்டுக் கண்ணாடி எடுத்து, வெற்றிடத்தில் உலோக ஆவியை மெல்லிய படலமாகப் படியவைத்துப் பெட்டிகள் செய்தார். பார்க்கிறவர் பாதி ஊடுருவுவார், பாதி திரும்பி வருவார். அந்தக் கண்ணாடிக்குச் சூடு இறக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது, எனவே அந்தக் குறிப்பில் சொல் வராது.

சரி, குழுமத்தில் வந்த சொற்கள். ‘பதப்படுத்தல்’ நமக்கு மீனும் பழமும் சார்ந்தது, கழித்துவிடலாம். ‘காய்ச்சிக் குளிர்வித்தல்’ சொல் அல்ல, செய்முறை. அதோடு, வார்ப்பில் யாரும் புதிதாகக் காய்ச்சுவதில்லை, இருக்கிற சூட்டைத்தான் இறக்குகிறோம்.

‘ஆற்றுதல்’ எனக்கும் ஆசையான சொல். புண்ணும் ஆறும், சினமும் ஆறும். ஆனால் தேத்தண்ணி ஆற்றுகிற ஊர் இது. ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி ஊற்றி, நுரை எழ, அரை நிமிடத்தில் குடிக்கிற பக்குவம். அதே வேகத்தில் கண்ணாடியை ஆற்றினால் தூள்தான். பெயர்ச்சொல்லாக்கப் போனால் இன்னும் சிக்கல்: ‘ஆற்றல்’ சக்தி, ‘ஆற்றுகை’ நம் நாடகக்காரர்களுடையது. ‘ஆறவிடல்’ என்றால் கிடப்பில் போட்டதாகிவிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள்.

என் முன்மொழிவு ‘தணித்தல்’. தாகம், காய்ச்சல், கோபம் எல்லாம் தணிகின்றன. உள்ளே இருப்பது சிறிதுசிறிதாக இறங்குவதுதான் தணிதல். கண்ணாடி தணிகிறது, சிற்பி தணிக்கிறார் என இரண்டு பக்கமும் வளைகிறது. தணிப்பு, தணிப்புலை, தணிப்பு அட்டவணை, தணியாத கண்ணாடி எல்லாம் முட்டாமல் வருகின்றன. தயவுசெய்து யாரும் ‘தணிக்கை’ என்று எழுதிவிடாதீர்கள், அது கத்தரிக்கோல்காரர்களின் சொல்.

— கொட்டகலையிலிருந்து

~~~

சேர், நான் படிப்பிப்பது விஞ்ஞானம், சித்திரம் இல்லை. இரண்டு விஷயம்.

ஒன்று, ‘தணிப்பு’ என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு மண்சரிவு அறிவித்தல்தான் ஞாபகம் வரும். அனர்த்தத் தணிப்பு, அபாயத் தணிப்பு என்று கேட்டே வளர்ந்தவர்கள்.

இரண்டு, தகைப்பை வாயால் சொல்லாமல் காட்டிவிடலாம். மடிகணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன்முன் ஒளி புகும் பிளாஸ்டிக் அடிமட்டத்தை (அளவுகோலை) பிடித்து, முனைவாக்கும் (polarised) வெயில் கண்ணாடியைத் திரை இருளும்வரை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டில் அடிமட்டம் மட்டும் வானவில் பட்டைகளோடு எழும்பும். தொழிற்சாலைகளில் கண்ணாடியைச் சோதிப்பதும் இதே தத்துவத்தில்தான். நன்றாகத் தணித்த துண்டு நிறம் காட்டாமல் இருட்டாகவே கிடக்கும்.

அப்புறம், கார்க் கதவுக் கண்ணாடிக்கு என்ன சொல்வது? அதில் குளிர்காற்றை அடித்து வேண்டுமென்றே தகைப்பை உள்ளே பூட்டுகிறார்களே.

— ஹட்டனிலிருந்து

~~~

தம்பி, மண்சரிவு ஞாபகம் வந்தால் வரட்டும். சரிவில் தேங்கும் நீரை வடிகால் வெட்டி இறக்குவதும் உள்ளே கூடிய அமுக்கத்தைக் குறைக்கும் வேலைதானே. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளிலிருந்து சொல் ரொம்பத் தூரம் போகவில்லை.

கார்க் கண்ணாடிக்குத் ‘தகைப்பூட்டிய கண்ணாடி’ என்று வைத்துப் பார்ப்போம். தணித்தது, தகைப்பூட்டியது என எதிரெதிராக நிற்கும். இந்தியாவில் ‘தகைவு’ என்கிறார்கள், நம் பாடநூலில் ‘தகைப்பு’. நம்முடையதையே வைத்துக்கொள்வோம்.

அடிமட்டச் சோதனையைக் கையேட்டின் உள்ளட்டையில் போடலாம். குறிப்பின் வரைவு இது:

“வண்ணமிட்ட கண்ணாடிக் குழம்பை அச்சில் வார்த்து, மாதக்கணக்கில் தணித்து எடுத்த கனசதுரம். பக்கங்களில் அச்சின் தடம் அப்படியே விடப்பட்டுள்ளது.”

அக்கா, ‘வார்த்து’ வேண்டாம், ‘ஊற்றி’ போதும் என்றால் மாற்றிவிடுங்கள், எனக்கு இரண்டும் சம்மதம். அச்சுக்குப் போகும்போது ‘தணிப்புலை’யைத் ‘தணிப்பு உலை’ என்று பிரித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

— கொட்டகலையிலிருந்து