‘லோ பிரஷர்’ மார்க்கருக்கு என்ன சொல்? குறையழுத்தம் வேணாமே

வணக்கம் அண்ணா,

பெயிண்ட்பால் ஆட்டத்துல காத்தால கலர் குண்டு சுடுற துப்பாக்கி, அதான் மார்க்கர், அதுல வர்ற ‘லோ பிரஷர்’க்கு நம்ம சொற்பட்டியல்ல நீங்க போட்ட ‘குறையழுத்தம்’ங்கிற சொல்லை நேத்து வீட்ல சத்தமா படிச்சுப் பாத்தேன், அம்மா உள்ளேர்ந்து "யாருக்குடா தலை சுத்துது, மோர்ல உப்பு போட்டு குடுடா"ன்னாங்க. ‘தாழ்வழுத்தம்’னு வெச்சா வங்கக்கடல்ல மையம் கொண்டுடும். அதுகூடப் பரவால்ல, எனக்குத் தகராறே அர்த்தத்துலதான்.

காத்து டேங்க்ல 3000 இல்ல 4500 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) இருக்கும், டேங்க் தலையில அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர் அதை 800 பக்கம் கொண்டுவரும். லோ பிரஷர் செட்டிங்ல மார்க்கருக்குள்ள இன்னொரு ரெகுலேட்டர் அதை 200 பக்கம் இறக்கிடும். ஆனா குண்டு போற வேகம் குறையறதில்லையே, வினாடிக்கு 280 அடி வேணும்னா அதேதான் வேணும், மூணு கிராம் குண்டு அதேதான். எப்படின்னா வால்வு வழியை அகலமாக்கி, காத்து அறையைப் பெருசாக்கி, வால்வை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வெச்சு காத்தை நிறைய விடுறாங்க. அழுத்தம் கம்மி, காத்து ஜாஸ்தி. ‘குறை’ன்னு மட்டும் பேர் வெச்சா பாதிதான் சொன்ன மாதிரி.

அந்தப் பாதியை நம்பி நான் ஏமாந்தவன். மச்சானோட பழைய மார்க்கரை எடுத்து ரெகுலேட்டரை இறக்கிட்டு, காட்பாடில ஒரு லேத் பட்டறையில, உள்ள வால்வைத் தட்டித் திறக்கிற சுத்தியலோட ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிட்டு வந்தேன். சத்தம் சூப்பரா குறைஞ்சுது, குண்டு வேப்பமரம் வரைக்கும்கூடப் போகாம புல்லுல விழுந்துது. பிரஷரை இறக்குனா வால்வு அதிக நேரம் திறக்கணும், நான் ஸ்பிரிங்கை வெட்டி அதையும் குறைச்சுட்டேன்.

எங்க மாமா மேல்விஷாரத்துல தோல் ஃபினிஷிங்ல ஸ்பிரே அடிக்கிறவரு, கேட்டுட்டு சிரிச்சாரு. புது ஸ்பிரே கன்லயும் இதே கதைதானாம், பிரஷர் கம்மி, காத்து நிறைய, கலர் தோல் மேல பட்டு தெறிக்காம உக்காரும். அவருக்கு இதுக்கு ஒரு சொல்லும் இல்ல, "காத்தைக் கூட்டி மெதுவா விடு"ன்னுதான் சொல்றாரு.

அதனால என் யோசனை: ‘மென்னுந்து’. மெல்ல உந்துது. சரிதானே?

—

தம்பி,

விளக்கம் அருமை, சொல்லுதான் ஒதைக்குது. பேருந்து, மகிழுந்துன்னு ஓட்டிட்டோம், இப்ப மென்னுந்துன்னா சத்துவாச்சாரி ஆளு பேட்டரி ஸ்கூட்டர்னு நினைப்பான். ‘மென்’னு ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் சமாச்சாரம் வேற.

உங்க மாமா சொன்னதுலயே சொல்லு இருக்கே. காத்தை விடறதுக்கு நம்ம கிட்ட ‘ஊது’ இருக்கு, ஊதுகுழல், ஊதுலை. ‘மெல்லூதல்’னு வையுங்க. அழுத்தம் மெல், காத்து ஊதல், ரெண்டும் வந்துடுது. வினையாவும் ஓடும்: "இந்த மார்க்கர் மெல்லூதும்".

ஒரு சந்தேகம், காத்துக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடு பாட்டில்ல ஓடுற மார்க்கருக்கும் இதே சொல்லா? 31 டிகிரி தாண்டுனா அதுக்கு திரவம், வாயுன்னு பிரிவே இருக்காது, பாட்டில் பிரஷர் சரசரன்னு ஏறும். நம்ம ஊர் மே மாசத்துல மெல்ல எங்க ஊதறது.

—

அண்ணா,

மெல்லூதலே இருக்கட்டும், தோத்துட்டேன். கார்பன் டை ஆக்சைடுக்கு வேணாம், நானே அதை விட்டுட்டு காத்து டேங்க்குக்கு மாறிட்டேன். வெயில்ல குண்டோட மேல் ஓடு, அதான் ஜெலட்டின், அதுவும் ஊதி குழல்ல மாட்டிக்குது (அந்த ஜெலட்டினும் தோல், எலும்புலேர்ந்துதான் வருது, நம்ம ஊரு விடாது போல).

ஒண்ணு மட்டும் தனியா பிரிக்கணும். குழல் நுனிகிட்ட வரிசையா ஓட்டை போடறாங்களே, குண்டுக்குப் பின்னால மிச்சமிருக்கிற காத்து அது வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும், குழல் வாய்ல ஒரேயடியா ‘டப்’னு வெடிக்காது. பாதி சத்தம் அதுல குறையுதுன்னு ஆளுங்க மெல்லூதலுக்கு பேர் வாங்கிக் குடுக்கறாங்க. அதுக்கு ‘குழல்துளை’ன்னு வெச்சேன், நாதஸ்வரம் பாத்தவங்களுக்கு விளக்கம் வேணாம். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பட்டியல்ல ஏத்திடறேன். வெட்டுன ஸ்பிரிங்குக்கு பதில் புது ஸ்பிரிங் மச்சானுக்கு வாங்கணும், அதுக்கு மட்டும் எந்தத் தமிழ்ல கேட்டாலும் காசு குறைய மாட்டேங்குது.