மறுமொழி: கிளிங்கானின் 'மோஹ்' வினையாக்க விகுதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டார் டிரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில், வினையோடு சேர்ந்து 'செய்யவை' என்ற பொருள் தரும் 'மோஹ்' போன்றவற்றை 'வினையாக்க விகுதி' எனலாம் என்று முந்தைய மடலில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சொல்லிலும் தயக்கம்.

முதலில் விகுதி. 'பிறவினை விகுதி' என்று நம் இலக்கணத்திலேயே உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் விகுதி என்றதும் 'கற்பித்தான்' என்பதன் கடைசி 'ஆன்'தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கிளிங்கானில் ஆளைக் காட்டும் உறுப்பு முன்னால் நிற்கிறது: கோஜ் என்றால் கற்றல், ஜிகோஜ் என்றால் 'நான் கற்கிறேன்'. அங்கே போய் விகுதி என்றால் படிப்பவர் சொல்லின் வாலில் 'ஆன்', 'ஆள்' இருக்கிறதா என்று தேடுவார். வெறுமனே 'ஒட்டு' போதும்.

அடுத்து வினையாக்கம். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் இந்தப் பெயர் பொருந்தும். 'வார்மா' என்றால் வெதுவெதுப்பான, பெயரடை. 'இக்' சேர்ந்தால் வார்மீகி, சூடாக்குதல். 'இஜ்' சேர்ந்தால் வார்மீஜி, சூடாகுதல். வினையல்லாதது வினையாகிறது. கிளிங்கானில் 'துஜ்' என்பதே 'சூடாக இரு' என்ற வினை. பெயரடை என்று தனி வகை கிடையாது. 'துஜ்சோஹ்' சூடாகிறது, 'துஜ்மோஹ்' சூடாக்குகிறது. வினை வினையாகவே இருக்கிறது, பொருள்தான் விரிகிறது. நம் ஆகு, ஆக்கு இணை அப்படியே வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனியுங்கள். கோஜ், கோஜ்மோஹ் என்பதும் நமக்குப் பழகிய கல், கற்பி.

1985ல் வந்த கிளிங்கான் அகராதி இந்த ஒட்டுகளை ஒன்பது வகையாகப் பிரித்து வரிசையில் நிறுத்துகிறது. சோஹ் மூன்றாம் வகை, மோஹ் நான்காம் வகை. இடம் மாறி நிற்கக் கூடாது. எதிர்மறை காட்டும் 'பெ' போன்ற சில ஒட்டுகள் மட்டும் வரிசைக்கு அடங்காது. பெ எதை மறுக்கிறதோ அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கோஜ்மோஹ்பெ என்றால் 'கற்பிக்கவில்லை'. கோஜ்பெமோஹ் என்றால் 'கற்காதபடி செய்கிறார்'. (இரண்டு ரக வாத்தியார்களிடமும் நாம் படித்திருக்கிறோம்.)

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயராக 'வினைவிரி ஒட்டு'. அதற்குள் மோஹ் 'பிறவினை ஒட்டு', சோஹ் 'ஆகுவினை ஒட்டு'. 'வினையாக்க ஒட்டு' என்பதை எஸ்பெராண்டோ போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடலாம். ஆக்கொட்டு, ஆகொட்டு என்று சுருக்கிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் எது எதுவென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பெ வகைக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. இடம் மாறித் திரிவதால் 'திரியொட்டு' எனலாமா? விளக்குத் திரி நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். 'அலையொட்டு'க்கும் அதே கதி. வேறு ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.