எதிர்மறை வலுவூட்டல் எண்ட சொல்லை மாத்தினா நல்லம்

வணக்கம் அண்ணா, எல்லாருக்கும் வணக்கம். உளவியலில negative reinforcement எண்டதுக்கு, அதாவது தொந்தரவான ஒண்டு நீங்கிறதால ஒரு நடத்தை கூடுறதுக்கு, "எதிர்மறை வலுவூட்டல்" பழகின சொல்தானே, அப்பிடியே இருக்கட்டும் எண்டு எழுதியிருந்தீங்கள். எனக்கு அதில உடன்பாடு இல்லை. இங்க திருகோணமலையில உளவியல் படிக்கிற பிள்ளையளோட கதைச்சுப் பாத்தா கனபேர் அதைத் தண்டனை எண்டுதான் விளங்கி வைச்சிருக்கினம். பிள்ளையளில பிழை இல்லை, எதிர்மறை எண்டா எங்கட காதில கூடாதது எண்டுதானே விழுது.

உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகள் எப்பிடிப் பழகுது எண்டு பாக்கச் செய்த பெட்டியை, ஸ்கின்னர் பெட்டியை, எடுங்கோ. தரையில கரண்ட் வரும், எலி அங்கயும் இங்கயும் ஓடித் திரிஞ்சு தற்செயலா லீவரை அமத்த கரண்ட் நிண்டிடும், போகப்போக கரண்ட் வந்த உடனயே ஓடிப்போய் அமத்தப் பழகிடும். தொந்தரவு போனதாலதான் அமத்துற பழக்கம் கூடினது. தலையிடிக்கு பனடோல் போட்டு இடி நிண்டா அடுத்தமுறை கை தன்பாட்டில பனடோலைத் தேடுறதும் இதுதான்.

அதால நேர், மறை ரெண்டையும் விட்டுட்டு நடக்கிறதையே சொல்லுவம்: ஒண்டு வந்து சேந்து நடத்தை கூடினா சேர்ப்பு வலுவூட்டல், ஒண்டு நீங்கிக் கூடினா நீக்கல் வலுவூட்டல். "கூட்டு வலுவூட்டல்" எண்டும் யோசிச்சன், ஆனா அது கனபேர் சேந்து செய்யிற மாதிரிப் போயிடும்.

வலுவூட்டலைப் "பரிசு" எண்டு மாத்தச் சொன்னவைக்கு, தயவுசெய்து வேண்டாம். பரிசு குடுக்கிறவற்ற நினைப்பில இருக்கிறது, வலுவூட்டல் எண்டது அந்த நடத்தை பிறகு கூடினதோ எண்டதை வைச்சுச் சொல்லுறது. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில, கோட்டைக்குள்ள நிக்கிற மான்களுக்கு ஆரும் பரிசு எண்டு நினைச்சு வாழைப்பழம் நீட்டுறேல்ல, ஆனா ஆக்களைக் கண்டா அதுகள் கிட்ட வந்து கையில இருக்கிற பையை மணந்து பாக்குதுகள். எல்லாரும் குடுக்கிறதும் இல்லை, இடைக்கிடை ஒராள் குடுப்பார், அதாலதான் ஏமாந்தாலும் விடாம வருதுகள். பெர்ஸ்டர் எண்ட உளவியலாளரும் ஸ்கின்னரும் 1957இல போட்ட பெரிய புத்தகத்தில கனக்க இடம் இந்தச் சங்கதிக்குத்தான். இதுக்கு "இடைவிட்ட வலுவூட்டல்" எண்டது நல்லாப் பொருந்துது, அதை மாத்தத் தேவையில்லை.

தண்டனைக்கு வந்தாத்தான் இடிக்குது. சேட்டை விட்ட பிள்ளைக்கு ஏசுறது சேர்ப்புத் தண்டனை, சரி. போனைப் பறிக்கிறதை "நீக்கல் தண்டனை" எண்டா தண்டனையை நீக்கினது மாதிரி விளங்கும். "இழப்புத் தண்டனை" எண்டா தெளிவு, ஆனா சோடி உடையுது. நான் தெளிவின்ர பக்கம்தான். இதைவிட நல்ல சொல் ஆரிட்டயும் இருந்தா போடுங்கோ.