பிரபஞ்சத்துக்கு முடிவே இல்லன்னா தாத்தா சாவாத இன்னொரு முட்டமும் உண்டா?

முட்டத்துக்காரி:
நேத்து சாயங்காலம் முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் பாறையில எனக்க மவகூட இருந்தேன், எட்டாங்கிளாஸ் படிக்குகா, ஏதோ வீடியோ பாத்துட்டு கேக்கா, பிரபஞ்சம் முடிவில்லாம போவுதுன்னா நம்மளப் போலவே ஒரு குடும்பம் எங்கயாவது இருக்கும்லா, அங்க தாத்தா சாவாம இருப்பாருல்லா அம்மான்னு. எனக்க அப்பா போயி ஆறு மாசம்தான் ஆவுது, எனக்குப் பேச்சே வரல. இது உள்ளதாக்குமா? அவகிட்ட பொய் சொல்ல மனசில்ல.

தக்கலை கணக்கு:
அக்கா, முடிவில்லன்னாலே எல்லாம் நடந்துரும்னு இல்ல. 2, 4, 6, 8ன்னு எண்ணிட்டே போங்க, தீரவே தீராது, ஆனா அதுல 3 ஒருநாளும் வராது. இன்னொரு நாம வரணும்னா விண்வெளியும் முடிவில்லாததா இருக்கணும், பொருளும் எல்லா பக்கமும் இங்க உள்ளதப் போல கலந்து கெடக்கணும். அப்படி இருந்தா, ஒரு எடத்துக்குள்ள அணுக்கள அடுக்குகதுக்கு இத்தன விதம்தான்னு ஒரு கணக்கு உண்டு, அது தீந்தா பழையது திரும்ப வரும். மேக்ஸ் டெக்மார்க்னு ஒரு இயற்பியல்காரரு 2003ல அதுக்கு தூரமே போட்டுப் பாத்தாரு: ஒண்ணு எழுதி பின்னால சைபர் போடணும், அந்த சைபருக்க எண்ணிக்கையே 28, 29 சைபர் உள்ள நம்பர், அத்தன மீட்டர்! ஆனா வெளி முடிவில்லாததான்னு இதுவரை யாரும் அளந்து சொல்லல.

குவாண்டம் தம்பி:
வீடியோக்கள்ல ரெண்டு விஷயத்த போட்டு குழப்புகாவ. 1957ல ஹியூ எவரெட்னு ஒரு இயற்பியல்காரரு சொன்னது வேற. குவாண்டம் அளவுல, அதாவது அணுவப் போல ரொம்ப சின்ன அளவுல, ஒரு காரியம் ரெண்டு விதமா முடியலாம்னா ரெண்டுமே நடக்கும், உலகம் கிளை பிரியும்னாரு. அந்தக் கிளை தூரத்துல இல்ல, ஆனா அங்க போவவோ ஒரு வார்த்த பேசவோ நம்மளால முடியாது.

கொளச்சல் வள்ளம்:
எனக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்ல தங்கச்சி. கடலுக்கு போவும்போ முதல்ல கரை மணலு மறையும், பொறவு தென்னை, கடைசியாத்தான் மலை. கண்ணுக்கு தெரியல்லன்னு ஊரு இல்லாமலா போச்சு? பிள்ளைய காலம்பற கூட்டிட்டு போயி வள்ளம் மறையுகத காட்டுங்க.

குவாண்டம் தம்பி:
அண்ணன் சொன்னது சரியாக்கும். கரையில நின்னா தண்ணி விளிம்பு அஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல. பிரபஞ்சத்துலயும் அதே கததான், சுமார் 4,600 கோடி ஒளியாண்டுக்கு அந்தப் பக்கத்துலேந்து வெளிச்சமே இன்னும் நம்மகிட்ட வரல.

முட்டத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. மவகிட்ட அந்த நம்பர சொன்னதும் நோட்ட எடுத்து சைபர் எழுத ஆரம்பிச்சா, ரெண்டு பக்கம் ஆனதும் கை வலிக்குன்னு வச்சுட்டா. அப்போ அது நம்ம தாத்தா இல்லியாம்மான்னா. இல்ல மக்களேன்னேன். காலம்பற வள்ளம் பாக்கப் போவோம்னு அவளே சொல்லிட்டு படுத்தா.