ஏரி வேலை: எந்தத் துறையிடம் முதலில் போவது?

ஆயக்கட்டுதாரர்:
செங்கல்பட்டு மாவட்டம், மானாவாரி (மழைநீரை நம்பிய) ஏரி, ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 140 ஏக்கர். வண்டல் எடுக்கணும். நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு இருக்கு, உள்ளே வனத்துறை வைத்த கருவேல மரங்கள் நிற்குது, வரத்துக் கால்வாயில் புதுசா ஒரு குழாய்ப் பாலம். எந்த அலுவலகம், எந்த வரிசை?

மதகடி:
140 ஏக்கர்னா நீர்வளத் துறை ஏரி. 100 ஏக்கருக்குக் குறைந்தால்தான் ஊராட்சி ஒன்றியம். இதை உறுதி பண்ணிட்டு மனு எழுதுங்க, ஏன்னா ஆக்கிரமிப்புக்கான சட்டமே மாறும். நீர்வளத் துறை ஏரிக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஒன்றிய ஏரிக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், அங்கே நடவடிக்கை வட்டாட்சியர் கையில்.

உங்க ஏரியில் நோட்டீஸ் கொடுப்பவர் பொறியாளர், அளப்பவர் வருவாய்த் துறை சர்வேயர். வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான். பொறியாளர் அளவை கேட்டு எழுதிய கடிதத்தின் எண், தேதியை வாங்கிக்கிட்டு, அதைச் சொல்லியே வட்டாட்சியரிடம் கேளுங்க. 'அ' பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) கையில் இருக்கட்டும். ஏரி பல புல எண்களில் கிடக்கும். ஒரு உட்பிரிவு விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு கோர்ட்டில் அதைத்தான் பிடிக்கும். தண்ணீர் வடிந்த பிறகு, வண்டல் வண்டி இறங்கும் முன்னாடி அளவை முடியணும்.

கலங்கல்:
வண்டலுக்கு மாவட்ட அரசிதழில் உங்க ஏரி பெயர் வந்திருக்கான்னு முதலில் பாருங்க. சிறுகனிம விதிகளில் 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வட்டாட்சியரே அனுமதி தரலாம், கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டாம். எடுக்கக்கூடிய அளவு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90.

எங்கே வெட்டுவது என்பதை உதவிப் பொறியாளர் குறித்துக் காட்டணும், இதில் விட்டுக்கொடுக்காதீங்க. வண்டிக்காரர் தூரம் மிச்சம்னு கரையடியிலேயே எடுப்பார். முதல் பெருமழைக்குக் கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீரில் கிணறு ஊறும், வயலுக்குப் பாயாது. கீழே மணலோ சரளையோ தெரிந்தால் உடனே நிறுத்தணும், அதுக்கு மேல போனா கசிவுதான்.

மரம் இருக்கிற இடத்தைத் தொடாதீங்க. சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்ததுன்னா வனத்துறை மதிப்பிட்டு ஏலம் விட்ட பிறகுதான் வெட்ட முடியும். அது இழுக்கும், அதனால அந்த மனுவை இப்பவே கொடுத்திடுங்க.

வரத்துக்கால்:
எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினா ஒரு துறைக்குப் போய் அங்கேயே கிடக்கும். துறைக்கு ஒரு மனு, எல்லாவற்றிலும் அதே புல எண்கள், கடைசி வரியில் கூட்டுப் புலத்தணிக்கைக்கு (எல்லாத் துறையும் சேர்ந்து இடத்தை நேரில் பார்ப்பதுக்கு) ஒரே தேதி கேளுங்க. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தா எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அரங்கில் இருப்பாங்க, கலெக்டர் அங்கேயே தேதி குறிக்கச் சொல்ல முடியும்.

குழாய்ப் பாலத்தை யாரும் கவனிக்கலை. முதலில் அது நெடுஞ்சாலைத் துறை சாலையா, ஒன்றியச் சாலையான்னு பாருங்க. குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட ஒரு அடி உயர்ந்திருந்தா, சின்ன மழைத் தண்ணீர் மேல்பக்கமே தேங்கிடும், ஏரிக்கு வராது. தணிக்கை அன்னைக்கு நீர்வளத் துறை மட்டக்கருவி கொண்டுவந்து இரண்டு மட்டத்தையும் எடுத்து அறிக்கையில் எழுதணும்னு மனுவிலேயே கேளுங்க. வரத்து சரியாகாம ஏரியைத் தூர்வாரிப் பயனில்லை.