போன் செலவு கேட்டா "ஒண்டுமில்ல" எண்டுறாங்க. கேள்விய எப்படி மாத்துறது?

வந்தாறுமூலை மாணவி:
குறைஞ்ச வருமானக் குடும்பங்கள் போன் பாவிக்கிற விதத்தப் பற்றி இறுதி வருட ஆய்வு செய்யிறன். மண்டூர்ப் பக்கம் 14 வீடு முடிஞ்சுது. "மாதம் போனுக்கு எவ்வளவு செலவு?" எண்டு கேட்டா 9 வீட்டில "ஒண்டுமில்ல". ஒரு அம்மா அப்படிச் சொல்லி வாய் மூடல்ல, சீலைத் தலைப்பில முடிஞ்சு வச்ச நூறு ரூபாவ அவிழ்த்து, ரீலோட் போட்டுட்டு வா எண்டு பேரன அனுப்புறா! பொய் எண்டு எழுத மனம் வரல்ல. "செலவு இல்லை" எண்டும் எழுத ஏலா.

படுவான்கரைக் கடைக்காரன்:
மகள், பொய் இல்ல அது. மாதக் கணக்கு சம்பளக்காரருக்கு. கூலிக்குப் போறவங்களுக்கு நாள்தான் கணக்கு. என்ட கடன் கொப்பியில ஒருத்தர்ட பக்கம் இப்படிக் கிடக்கு: 50, 50, 100, மறுகா பதினொரு நாள் வெறுமை. வெள்ளாமை வெட்டினாப் பிறகு எல்லாத்தையும் சேத்துக் கட்டுவார். அதுவும் அவர்ட நம்பருக்கு மட்டுமில்ல, மருமகன்ட நம்பருக்கும்தான். இன்னொண்டு, குருமண்வெளிக்குப் போற ஆக்கள் துறையடியில நிக்கிற பொடியனுக்கு மிஸ்கோல் அடிப்பாங்க. அவன் திருப்பி ஒரு மணி அடிச்சா பாதை, அதான் வாவியக் கடக்கிற மிதவை, இக்கரையில நிக்குது, ரெண்டு அடிச்சா அக்கரையில. ஒரு சதம் வெட்டாது. உங்கட படிவத்தில அத எந்தக் கட்டத்தில போடுவீங்க?

களப்பணிக்காரி:
கொழும்பில இருக்கிற லேர்ன்ஏசியா நிறுவனம் 2006இல இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்தில இதே விசயத்தத்தான் ஆராய்ஞ்சது. சொந்தப் போன் வச்சிருக்கிற ஆக்கள மட்டும் பிடிக்கல்ல. முந்தின மூண்டு மாதத்துக்குள்ள ஆரட போனிலயாவது கதைச்சிருந்தாப் போதும். சில பேருக்கு டயரி குடுத்து, எடுத்த கோல் ஒவ்வொண்டையும் எழுதச் சொன்னாங்க. நீங்களும் "மாதம்" எண்டத வெட்டிப்போட்டு, "கடைசியா ரீலோட் போட்டது எப்ப, ஆரட நம்பருக்கு?" எண்டு கேட்டுப் பாருங்க.

வந்தாறுமூலை மாணவி:
நன்றி அக்கா. கடைக்கார மாமா, அந்த மிஸ்கோலுக்கு ஒரு தனிப் பக்கமே ஒதுக்கிட்டன். நேற்று அந்த அம்மாட்டத் திரும்பப் போனன். நூறு ரூபாவ ஆருக்குப் போட்டீங்க எண்டு கேட்டன். "குவைத்தில இருக்கிற மகள் இமோ ஆப்பில கோல் எடுப்பாள், அதுக்கு டேட்டா போட்டது. அவள் அனுப்பின காசு. அத ஏன் மனே என்ட செலவில எழுதுறா?" எண்டா.