ஹுசைட் வண்டிக்கோட்டையை எவராலும் உடைக்க முடியவில்லை: படை வடிவமைப்பில் உதவி தேவை

அறுகோணம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொகீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) 1419 முதல் 1434 வரை நடந்த ஹுசைட் போர்களை, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் பலகைப் போர் விளையாட்டாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம், இரண்டு பகடை, ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. படைக்காய்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் வெட்டியிருக்கிறேன். வண்டிகளுக்குத் தீப்பெட்டிகள், அவற்றைப் பிணைக்கும் சங்கிலிக்கு நூல். வரைபடமும் காய்களும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. சிக்கல் விதியில்தான் இருக்கிறது.

சமயச் சீர்திருத்தம் பேசிய குரு யான் ஹுஸ் 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்டதும், அவர் வழியினரான ஹுசைட்டுகள் திருப்பலியில் அப்பத்தோடு திருக்கிண்ணத்தின் இரசமும் பொதுமக்களுக்கு உண்டு என்று நின்றதும், 1420-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அவர்கள்மீது சிலுவைப்போர் அறிவித்ததும் இங்குள்ளவர்கள் அறிந்தவையே. அவர்களுடைய படையை நான் இவ்வாறு அமைத்தேன். காலாட்கள் உழவர்கள் என்பதால் விலை மலிவு, ஒரு காய்க்கு 2 புள்ளி. மதப்பற்றுக்காக மன உறுதிச் சோதனை (படை நிற்குமா ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) ஒவ்வொன்றிலும் 2 கூடுதல். வண்டிக்கோட்டைக்குள் (சங்கிலியால் பிணைத்து அரணாக நிறுத்திய போர்வண்டிகளுக்குள்) இருந்தால் தற்காப்பில் மேலும் 3 கூடுதல். எதிர்ப்பக்கம் மன்னர் சிகிஸ்மண்டின் கவசக் குதிரைப்படை, ஒரு காய்க்கு 8 புள்ளி.

பத்து ஆட்டங்கள் ஆடிப் பார்த்தோம். ஒன்பதில் ஹுசைட் பக்கம் வென்றது. முதற்சுற்றிலேயே வண்டிகளை வட்டமாக நிறுத்திவிட்டால், பிறகு அந்தப் பக்கம் ஆடுபவருக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தற்காப்பை 3-இலிருந்து 1 ஆகக் குறைத்தால் மூன்றாம் சுற்றிலேயே கோட்டை சிதறிப்போகிறது. நடுவே 2 என்று வைத்தால் வெற்றி தோல்வியைப் பகடை மட்டுமே தீர்மானிக்கிறது. மதப்பற்றுக்கு 2 கூடுதல் என்ற விதியும் எனக்கே உறுத்துகிறது. அதே எண்ணை உலகத்தின் எந்த மதக் கிளர்ச்சிப் படைக்கும் ஒட்டிவிடலாம் என்றால், நான் ஹுசைட்டுகளைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றுதானே ஆகிறது? எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

மேட்டுநிலம்

எண்ணைக் குறைப்பதால் இது தீராது, நண்பரே. உங்கள் விதியில் வண்டிக்கோட்டை கேட்டவுடன் கிடைத்துவிடுகிறது. உண்மையில் அதற்கு இடமும் நேரமும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் எண் தானாக அமையும்.

1420 மார்ச் 25 அன்று சுதோமெர்ஷில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஹுசைட் தளபதி யான் ஜிஷ்காவிடம் ஏறத்தாழ 400 பேரும் 12 வண்டிகளும் இருந்தன. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் அடக்கம். துரத்தி வந்த மன்னர் தரப்புக் குதிரைப்படை 2000 என்று சொல்லப்படுகிறது. வெட்டவெளியில் வட்டம் போட்டிருந்தால் 12 வண்டிகளும் ஒரு நாழிகைகூடத் தாங்கியிரா. ஜிஷ்கா மீன்குளங்களின் கரையைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கத்தைக் குளக்கரைக்கும் இன்னொரு பக்கத்தை நீர் வடித்துவிட்ட குளத்தின் சேற்றுக்கும் ஒப்படைத்து, எஞ்சிய இடைவெளியை மட்டும் வண்டிகளால் அடைத்தார். குதிரைவீரர்கள் இறங்கிச் சேற்றில் நடக்க வேண்டியதாயிற்று. அந்த இரும்புக் கவசத்தோடு முழங்கால்வரை புதைகிற சேற்றில் ஒருவர் எத்தனை எட்டு வைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பொழுது சாய்ந்து இருள் கவிந்ததும் அவர்கள் விலகிப்போனார்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. வண்டிகளை நிறுத்திச் சங்கிலி பிணைக்க முழுமையாக இரண்டு சுற்று ஆக வேண்டும். அந்த இரண்டு சுற்றிலும் அவை சாதாரண வண்டிகளே. ஏரிக்கரை, மேடு, சதுப்பு ஆகியவற்றை ஒட்டி நிற்கும் பக்கத்துக்கு வண்டி தேவையில்லை. வெட்டவெளியில் எல்லாப் பக்கத்துக்கும் வண்டி வேண்டும் என்பதால் வரிசை மெலிந்துபோகும். அப்போது ஹுசைட் பக்கம் ஆடுபவரின் முதல் வேலை, எதிரி வருவதற்கு முன் நல்ல இடம் பிடிப்பது என்றாகிவிடும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஏட்டுக்கட்டு

மேட்டுநிலம் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். உழவர் என்பதால் 2 புள்ளி என்று விலை வைத்தது இந்த வடிவமைப்பின் பெரிய பிழை என்று கருதுகிறேன்.

ஒரு போர்வண்டியில் 16 முதல் 22 பேர்வரை இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை. ஆயுதம் தாங்கிய இரண்டு வண்டியோட்டிகள், குறுக்குவில்லாளர்கள் சிலர், குழல்துப்பாக்கி பிடிப்பவர்கள் இருவர், வண்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை மறைக்கும் பெரிய கேடயக்காரர்கள் இருவர், பிறகு ஈட்டியும் கதிரடிக்கும் தடியும் ஏந்தியவர்கள். அந்தத் தடி களத்துமேட்டிலிருந்து வந்ததுதான். அடிக்கிற முனையில் இரும்புப் பட்டையும் முள்ளும் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் களத்தில் அதைச் சுழற்றிப் பழகிய தோளுக்கு அதன் தாளம் தெரியும், கூட நிற்பவன் தலையில் படாமல் வீசவும் தெரியும். அதை வெறுங்கை உழவன் என்று கணக்கிடுவது பொருந்தாது. வண்டியின் வெளிப்பக்கத்தில் தடித்த பலகை தொங்கும், அடிப்பகுதியில் சக்கரங்களுக்கு இடையே இன்னொரு பலகை, அதில் சுடுவதற்குத் துளைகள். உள்ளே கோடாரி, மண்வெட்டி, நீண்ட சங்கிலி எல்லாம் இருக்கும்.

எனவே காலாளையும் வண்டியையும் தனித்தனிக் காய்களாக வைக்காதீர்கள். வண்டியும் அதன் ஆட்களும் சேர்ந்து ஒரே காய். அதன் விலை 6 அல்லது 7 புள்ளி. ஆட்கள் பாய்ந்து வெளியேறித் தாக்கினால் காயைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தில் 'வெறும் வண்டி' என்று இருக்கட்டும்.

மன உறுதிக்கு வருகிறேன். ஜிஷ்கா 1423-இல் ஒரு படையொழுங்கு எழுதினார். யார் முன்னே செல்வது, எந்த வரிசையில் நகர்வது, புறப்படுமுன் மண்டியிட்டு வேண்டிக்கொள்வது, கொள்ளைப்பொருளை எவ்வாறு பங்கிடுவது, களத்தை விட்டு ஓடுகிறவனுக்கு என்ன தண்டனை என்பவை அதில் உள்ளன. தண்டனையில் பிரபு, குடியானவன் என்ற வேறுபாடு இல்லை. நீங்கள் மதப்பற்று என்று ஒரே எண்ணாகப் போட்டதில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன: ஒன்று ஒழுங்கு, இன்னொன்று பற்று. இரண்டையும் பிரித்துத் தனித்தனி மதிப்பாக எழுதுங்கள். கோட்டைக்குள் நிற்கவைப்பது ஒழுங்கு. பற்று என்ன செய்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறுகோணம்

இருவருக்கும் நன்றி. ஒழுங்கையும் பற்றையும் பிரிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன். பற்று கூடினால் தாக்குதலில் கூடுதல் என்று எழுதினால், பழைய 2 கூடுதலே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. 1431 ஆகஸ்டில் தோமாஷ்லிட்ஸேயில் சிலுவைப்படை ஹுசைட்டுகளின் பாடலைக் கேட்டே கலைந்தோடியது என்கிறார்களே, அதை எப்படி விதியாக்குவது? ஒவ்வோர் ஆட்டத்திலும் பாடினால் எதிரி ஓடுவான் என்று எழுத மனம் ஒப்பவில்லை.

கிண்ணக்கொடி

ஒப்பாததே சரி. 1420 ஜூலை 14 அன்று பொகீமியத் தலைநகர் பிராகாவுக்கு (பிராக்) வெளியே வீட்கோவ் மேட்டில் எவரும் பாட்டைக் கேட்டு ஓடவில்லை. மரத்தாலான சிறு அரணில் 26 ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரு சிறுமியும் கல்லெறிந்து தாக்குப்பிடித்ததாக அக்கால வரலாற்றேடு சொல்கிறது. நகரிலிருந்து குரு ஒருவர் நற்கருணையை ஏந்தி முன்னே வர, வில்லாளர்களும் தடிக்காரர்களும் பக்கவாட்டில் வந்து விழுந்த பிறகுதான் எதிரிகள் சரிவில் உருண்டார்கள். தோமாஷ்லிட்ஸே அதற்குப் பதினோரு ஆண்டு பிந்தையது. அந்தப் பதினோரு ஆண்டின் தோல்விகள் எதிரியின் நெஞ்சில் ஏறியிருந்தன. ஆகவே பாடலின் வலிமையை ஹுசைட் காயில் எழுதாமல், 'பேர்' (புகழ்) என்று ஓர் அளவுகோல் வரைந்து, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு படி ஏற்றுங்கள். அது உயர உயர, எதிரி நெருங்குமுன் எடுக்க வேண்டிய சோதனை கடினமாகட்டும். ஒரே ஒரு போரை மட்டும் ஆடுவது என்றால் அந்த ஆண்டுக்குரிய படியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம்.

பற்று என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விடை லிபானிப் போரில் இருக்கிறது. 1434 மே 30 அன்று தாபோரியரும் (தாபோர் ஊரை மையமாகக் கொண்ட தீவிர ஹுசைட்டுகள்), ஜிஷ்கா இறந்தபின் தங்களை அநாதைகள் என்று அழைத்துக்கொண்ட அவருடைய படையினரும் மேட்டில் வண்டிக்கோட்டை அமைத்து நின்றார்கள். எதிரில் வந்தது வெளிநாட்டுச் சிலுவைப்படை அன்று. மிதவாத ஹுசைட்டுகளும் கத்தோலிக்கப் பிரபுக்களும் சேர்ந்த படை. அவர்களிடமும் வண்டிகள், அவர்களிடமும் பீரங்கிகள். அவர்கள் நெருங்கிவந்து, சுட்டு, தோற்றுப் பின்வாங்குவதுபோல் காட்டினார்கள். ஓடுகிறான் என்று நம்பிய தாபோரியர் சங்கிலியை அவிழ்த்து வெளியே பாய்ந்தார்கள். மறைந்திருந்த குதிரைப்படை அந்தத் திறப்பின் வழியே கோட்டைக்குள் புகுந்தது. தலைவர் புரோகோப் அங்கேயே மடிந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எவராலும் உடைக்க முடியாத கோட்டையை உள்ளே இருந்தவர்களே திறந்தார்கள்.

இதையே விதியாக்குங்கள். எதிரிக் காய் பின்வாங்கினால், அருகிலுள்ள ஒவ்வொரு வண்டிக்காயும் ஒழுங்குக்குச் சோதனை எடுக்க வேண்டும். பற்று எவ்வளவோ அவ்வளவு கடினம். தோற்றால் ஆட்கள் வெளியே பாய்வார்கள், ஆடுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். பற்று தாக்குதலில் கூடுதல் கொடுக்கட்டும், நிற்பதில் குறைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. ஹுசைட் என்று ஒரே நிறத்தில் காய் வெட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிராகாவினர் வேறு, தாபோரியர் வேறு. 1424 ஜூனில் மலேஷோவ் மேட்டிலிருந்து கல் நிரப்பிய வண்டிகளைச் சரிவில் உருட்டிவிட்டு ஜிஷ்கா நொறுக்கியது பிராகாப் படையைத்தான். இரு பக்கத்தாரும் திருக்கிண்ணத்தை நம்பியவர்கள். தாபோரியருக்குள்ளேயே அப்பத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக 1421-இல் மனிதர்கள் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். மதப்படையை வடிவமைக்கும்போது இந்தப் பிளவை விட்டுவிட்டால் பாதியை விட்டுவிட்டதாகவே ஆகும்.

மேட்டுநிலம்

ஒரு திருத்தம், என் கருத்துக்கே. வண்டிகள் நின்றால்தான் பயன் என்ற எண்ணத்தை நான் கொடுத்துவிட்டேன். 1421 டிசம்பரில் குட்னா ஹோராவில் சிகிஸ்மண்டின் படை சூழ்ந்துகொண்டபோது, ஜிஷ்கா இரவில் வண்டிகளை வரிசையாக ஓட்டி, ஓடும்போதே சுட்டு, முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறினார். அப்போது அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை. நகரும் வரிசைக்கும் ஒரு நிலை வைத்துக்கொள்ளுங்கள்: சுடலாம், ஆனால் தற்காப்புக் கூடுதல் 1 மட்டுமே.

அறுகோணம்

ஒரு வாரமாக ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வண்டியும் ஆட்களும் ஒரே காய், விலை 7 புள்ளி. சங்கிலி பிணைக்க இரண்டு சுற்று, நகரும் வரிசைக்குத் தனி நிலை. ஒழுங்கும் பற்றும் தனித்தனி: தாபோரியருக்கு ஒழுங்கு 8, பற்று 3, பிராகாவினருக்கு ஒழுங்கு 6, பற்று 1. எதிரி பின்வாங்கும்போது இரண்டு பகடையின் கூட்டுத்தொகை, ஒழுங்கிலிருந்து பற்றைக் கழித்த எண்ணுக்கு மேற்பட்டால் ஆட்கள் பாய்கிறார்கள்.

எட்டு ஆட்டங்களில் ஹுசைட்டுக்கு ஐந்து, மறுபக்கத்துக்கு மூன்று. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறு. நேற்றிரவு ஆட்டத்தில் எதிரே அமர்ந்த என் தம்பி ஐந்தாம் சுற்றில் குதிரைக்காய் இரண்டை வேண்டுமென்றே பின்னுக்கு இழுத்தான். என் நான்கு தீப்பெட்டிகளுக்கும் சோதனை. மூன்று நின்றன, நான்காவது பாய்ந்துவிட்டது. நூலை நானே அவிழ்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சந்து வழியாக அவன் குதிரைகள் உள்ளே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆட்டம் ஹுசைட்டுகளைப் பற்றியது என்று முதன்முறையாக உணர்ந்தேன்.

ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. சிலுவைப்படையை ஆடுபவர் புத்திசாலியாக இருந்தால் தாக்காமலே உட்கார்ந்துகொள்கிறார். நானும் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பத்துச் சுற்றும் இப்படியே கழிந்துவிடுகிறது.

ஏட்டுக்கட்டு

அவர் உட்கார்ந்திருக்க முடியாது. அவருடைய படை காத்திருக்கத் தகுந்த படை அன்று. பல நாட்டுப் பிரபுக்கள் தத்தம் ஆட்களோடு வந்து சேர்ந்த கூட்டம் அது. வீட்கோவ் தோல்விக்குப் பின் பிராகாவைச் சூழ்ந்திருந்த பெரும்படை அந்த மாத முடிவிலேயே கலையத் தொடங்கியது. நான்காம் சுற்றிலிருந்து, தாக்குதல் நடக்காத ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சிலுவைப்படை ஒரு பகடை உருட்டட்டும். 1 அல்லது 2 விழுந்தால் ஒரு பிரபுவின் காய்கள் மொத்தமாக வரைபடத்தை விட்டுப் போகட்டும். எந்தப் பிரபு என்பதை ஹுசைட் பக்கம் ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம்.

அறுகோணம்

இன்றிரவே இதையும் சேர்த்து ஆடிவிட்டு, லிபானி, வீட்கோவ் இரண்டு களங்களின் தொடக்க அமைப்பையும் இதே இழையில் இடுகிறேன். லிபானிக்கு இரு பக்கமும் தீப்பெட்டி வேண்டும். வீட்டில் இருப்பது பதினான்குதான்.